இருபத்தேழாம் எண் வீட்டின் புகை

"'இருபத்தேழாம் எண் வீட்டின் புகைபோக்கியை ஆறு நாட்களாகக் கவனிக்கிறேன், புகை இல்லை. உள்ளே இருப்பவர்கள் குளிரில் விறைத்துக் கிடக்கிறார்களா என்று அன்புகூர்ந்து பார்க்கவும். இப்படிக்கு, அக்கறையுள்ள அண்டைவீட்டார்.' இவ்வளவுதான் மேடம் புகார். நான் ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை" என்றார் பார்ட்லெட், நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"இதோட மூணு தடவை படிச்சிட்டீங்க" என்றாள் ஸ்டெஃபா. "நான் விறைச்சா கிடக்கேன்? உங்க கண்ணெதிர நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கேனே."

"சண்டை போடுறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை மேடம்."

கெல்வின் பார்ட்லெட், கார்வெல் நகராட்சியின் குளிர்கால நல அலுவலர். உள்ளே நுழையும்போது அவர் மேல் இறகு கோட்டு, காதுமூடிய தொப்பி, இரண்டு ஜோடிக் கையுறை, கம்பளி மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் இருந்தன. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. மனிடோபாவில் ஜனவரி பிறந்தால் அப்படித்தான். வீட்டுக்குள் இருபத்திரண்டு. கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோபாவின் ஓரத்தில் குவித்துவிட்டார். அந்த ஓரத்தில் ஸ்டெஃபாவின் கணவன் மெத்ரோவின் மாவுக்கட்டுப் போட்ட கால் நீட்டிக் கிடந்தது. தன் கால் மேல் ஒரு அதிகாரியின் உடுப்பு முழுவதும் ஏறி உட்கார்ந்ததை மெத்ரோ மரியாதையாகப் பொறுத்துக்கொண்டான்.

பார்ட்லெட் சட்டையின் முதல் பொத்தானையும் அவிழ்த்துவிட்டு எழுதினார்: 'வெப்பம் உணரப்பட்டது. புகை காணப்படவில்லை. ஆகவே வீடு வெப்பமற்றது.'

நல்ல எண்ணத்தில் பிறந்த விதிதான் அது. குளிர்காலக் காலைகளில் நகராட்சி வண்டி தெருத்தெருவாகப் போகும். எந்தக் கூரையில் வெண்புகை எழவில்லையோ அந்த வீட்டில் சூடேற்றும் ஃபர்னஸ் அணைந்துவிட்டது என்று பொருள். கதவைத் தட்டி உயிரைக் காப்பாற்றுவார்கள். காப்பாற்றியும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஃபர்னஸ்கள் மாறின. விதி மட்டும் பிறந்தபடியே இருந்துவிட்டது.

ஸ்டெஃபா வீட்டு ஃபர்னஸ் போன அக்டோபரில் மாறியது. பழையதன் வெப்ப அறையில் விரிசல். அதன் வழியாகக் கசியும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். எனவே புதியது வாங்கினார்கள், உயர்திறன் ரகம். எரிகிற வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு சூட்டை வீட்டுக்கே கொடுத்துவிடும். அந்த ஆண்டு கார்வெலில் பிள்ளைகளின் மதிப்பெண்ணை யாரும் விசாரிக்கவில்லை. ஃபர்னஸின் மதிப்பெண்ணைத்தான் விசாரித்தார்கள். எதிர்வீட்டு லோர்னா தன்னுடைய தொண்ணூற்றைந்துக்கு நிலவறையில் விருந்தே வைத்தாள். விருந்தாளிகள் கையில் கேக் தட்டோடு ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி வந்து "எவ்வளவு அமைதியா ஓடுது" என்றார்கள். ஸ்டெஃபா வீட்டுக்குத் தொண்ணூற்றாறு வந்தது தெரிந்த பிறகு லோர்னாவுக்கு இரண்டு நாள் தலைவலி.

பொருத்தியவன் ரெமி ஃபோன்டேன். உரிமம் உள்ளவன், ஊரில் கைசுத்தமான வேலைக்காரன் என்று பெயர். அனுமதிச் சீட்டு வாங்காமல் ஆணியைக்கூடத் தொடமாட்டேன் என்றான். உயர்திறன் ஃபர்னஸ் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஆறிப்போன மூச்சைத்தான் வெளியே விடும். அந்த மூச்சுக்குப் பழைய செங்கல் புகைபோக்கியில் ஏறிப்போகத் தெம்பு கிடையாது. எனவே பக்கச் சுவரைத் துளைத்து இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வைத்தான், ஒன்று மூச்சை இழுக்க, ஒன்று விட. பனி எவ்வளவு குவிந்தாலும் எட்டாத உயரம். ஜன்னலுக்கும் எரிவாயு மீட்டருக்கும் தள்ளி. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். மாடிக்கு ஒன்றாக நச்சுவாயு எச்சரிக்கை மணி மாட்டி, ஒவ்வொன்றையும் அலறவைத்துக் காட்டினான். சுடுநீர்க் கலனும் மின்சாரத்துக்கு மாறியதால் புகைபோக்கிக்கு வேலையே இல்லை. சட்டப்படி அதன் வாயை இரும்பு மூடி போட்டு சிமென்ட் பூசி அடைத்தார்கள். நகராட்சி வந்து பார்த்தது. பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டிப் போனது.

இப்போது அதே நகராட்சி சிவப்புத் தாளோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிவப்புத் தாள் கதவில் ஏறினால் எழுபத்திரண்டு மணி நேரம். அதற்குள் புகை வராவிட்டால் வீட்டாரை வெதுவெதுப்பான பொதுப் புகலிடத்துக்கு மாற்றுவார்கள். ஆளில்லாத வீட்டில் எரிவாயு ஆபத்து என்பதால் இணைப்பைத் துண்டிப்பார்கள். அப்புறம் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். இருபத்திரண்டு வருஷம் தேய்த்துத் துடைத்த வீடு ஒரே வாரத்தில் பாழ். மெத்ரோவை ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொதுப் புகலிடம் என்பது கர்லிங் அரங்கம்: பனிக்கட்டித் தரையில் கல்லை வழுக்கிவிட்டு விளையாடுகிற இடம்.

ஸ்டெஃபா பார்ட்லெட்டின் கோட்டை எடுத்து அவர் கையில் திணித்துப் பக்கச் சுவருக்கு இழுத்துப் போனாள். குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி பொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"நீராவி மேடம்."

"எங்கிருந்து வருது?"

"ஃபர்னஸ்லேர்ந்து."

"அப்ப ஃபர்னஸ் ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"அப்ப வீடு சூடா இருக்கா?"

"அதைச் சொல்ற அதிகாரம் புகைபோக்கிக்குத்தான் இருக்கு."

அவள் உள்ளே போய், புகைபோக்கியை மூடச் சொன்ன ஆணையைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். கீழே கே. பார்ட்லெட் என்று தெளிவாகக் கையெழுத்து.

"என்னோடதுதான்" என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை நான் எரிவாயுப் பாதுகாப்பு. மூடச் சொன்னேன், சரியாத்தான் சொன்னேன். இன்னிக்கு வியாழன்."

"வியாழக்கிழமை பார்ட்லெட் செவ்வாய்க்கிழமை பார்ட்லெட்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"எழுத்துமூலமாக் கேட்கலாம். பதில் வர முப்பது நாள் ஆகும். அந்த ஆளுக்கு வேலை ஜாஸ்தி."

போகிறபோது சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுத்தான் போனார். பசை குளிரில் பிடிக்காது என்று கதவின் உட்பக்கம், கதகதப்பான இடமாகப் பார்த்து ஒட்டினார்.

புகார் எழுதியது யார் என்று ஸ்டெஃபா தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் லோர்னா வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கோப்பை காபி குடித்து, "உங்க வீட்டுல புழுங்குதே" என்று விசிறிக்கொண்டு போயிருந்தாள். மெத்ரோ, போய்ச் சண்டை போடாதே, அவளுக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கும் என்றான். கால் உடைந்ததிலிருந்து அவனுக்கு எல்லோர் மேலும் நல்ல எண்ணம் வந்திருந்தது.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் அவள் விலக்கு கேட்டாள். விலக்குக்கு விண்ணப்பிக்க வீடு வெப்பமானது என்ற சான்று வேண்டும். சான்றுக்குப் புகை வேண்டும். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் இலக்கணம் படித்தவள் அவள். விதியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பார்ட்லெட் எழுந்து நின்று படித்தார்: "புகைபோக்கியின் உச்சியிலிருந்து, வீதியில் நிற்போர் கண்ணால் காணத்தக்க வெண்ணிற எழுச்சி."

"நெருப்புலேர்ந்து வரணும்னு இருக்கா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கமும் பார்த்தார். "இல்லை."

"அப்ப எதுலேர்ந்து வந்தாலும் சரி?"

"வந்தாப் போதும் மேடம். நாங்க குடும்ப விஷயத்துல தலையிடுறதில்லை."

தேவாலய மண்டபத்து நடனக் குழுவிடம் மேடையில் புகை விடும் பெட்டி ஒன்று இருந்தது. கொசாக் போர்வீரர் வேடம் போட்டவர்கள் துள்ளிக் குதிக்கும்போது போர்க்களம் மாதிரி தெரிவதற்காக வாங்கியது. ஸ்டெஃபா அதைக் கேட்டு வாங்கி ரெமியிடம் கொடுத்தாள். புகைபோக்கியின் மூடியைத் திறக்கமாட்டேன், அதில் விளையாட்டு வேண்டாம் என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இரும்பு மூடிக்கு மேலேயே பெட்டியைத் திருகி முடுக்கினான். புகைபோக்கிக்குள் ஒன்றும் போகாது, அதிலிருந்து வீட்டுக்குள் ஒன்றும் வராது. வீட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே உறவு மின்சாரக் கம்பி.

சனிக்கிழமை காலை இருபத்தேழாம் எண் வீட்டின் மேல் கொழுகொழுவென்று புகை எழுந்தது. பார்ட்லெட் வந்தார். அன்றைக்கென்று பார்த்து முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிய பண்டம் அடிபிடித்துக் கருகி, நாற்றம் போக ஸ்டெஃபா எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் ஒன்பது டிகிரி. பார்ட்லெட் பற்கள் தந்தியடிக்க, விரல் மடங்காமல் எழுதினார்: 'குளிர் உணரப்பட்டது. புகை காணப்பட்டது. ஆகவே வீடு வெப்பமானது.' சிவப்புத் தாளைக் கிழித்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினார்.

இதோடு முடிந்திருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் கார்வெலில் உயர்திறன் ஃபர்னஸ் வைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஒவ்வொரு கதவாகச் சிவப்புத் தாள் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக ஸ்டெஃபாவிடம் வந்து யோசனை கேட்டார்கள். அவளும் காபி கொடுத்துச் சொல்லித்தந்தாள். நகர மன்றம் கூடி அவளுடைய குடிமைப் பொறுப்பைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. பின்னாலேயே ஆணை வந்தது: உயர்திறன் ஃபர்னஸ் உள்ள இல்லங்கள் அனைத்திலும் 'சான்றுப் புகைக் கருவி' பொருத்தப்பட வேண்டும், அது இரவும் பகலும் இயங்க வேண்டும், யாரும் நிறுத்தி ஏமாற்றாதபடி அதன் விசைப் பெட்டிக்கு நகராட்சி ஈய முத்திரை வைக்கும்.

ஆணை வந்த வேகத்தில் நாகரிகமும் வந்தது. தொண்ணூற்றாறை எல்லோரும் மறந்துவிட்டார்கள். புகைதான் பேச்சு. சுருண்டு எழும் புகை, தூண் போல நிற்கும் புகை, ஊதா நிறத்தில் மாலைப் புகை. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது லோர்னா ஸ்டெஃபாவின் கையைப் பிடித்து, "உன் புகை கொஞ்சம் மெலிஞ்சிருக்கே, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தாள். ஸ்டெஃபா அதை அலட்சியமாகச் சிரித்துத் தள்ளிவிட்டு, அன்று மத்தியானமே ரெமியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் தடிமனாக வைக்கச் சொன்னாள். பிறகு மூன்று தடவை தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம், திங்கட்கிழமை காலை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. ஃபர்னஸ் நின்றுவிட்டது.

சிவப்பு விளக்கு மூன்று தடவை சிமிட்டியது, நின்றது, மறுபடி மூன்று தடவை சிமிட்டியது. ஸ்டெஃபா கையேட்டைப் பார்த்து வீட்டுக்காரி செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். வெளியே போய் வெள்ளைக் குழாய்களில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. காற்று வடிகட்டியை மாற்றினாள். விசையை அணைத்து மறுபடி போட்டாள். கையேட்டின் கடைசி வரி, உரிமம் பெற்ற பணியாளரை அழைக்கவும் என்றது. ரெமி போனை எடுக்கவில்லை. ஊரில் மீதியிருந்த நான்கு கடைகளிலும் ஒரே பதில்: ஆட்களெல்லாம் கூரைமேல் இருக்கிறார்கள், புகைக் கருவிக்கு மார்ச் வரைக்கும் முன்பதிவு.

அதற்குள் வீட்டுக்குள் பதினோரு டிகிரி. மெத்ரோ மூன்று கம்பளிக்குள்ளிருந்து, தனக்கு ஒன்றும் குளிரவில்லை என்று நடுங்கிக்கொண்டே சொன்னான்.

அவசரப் பழுதுப் பிரிவுக்குப் போன் செய்தாள். எடுத்தது பார்ட்லெட். திங்கட்கிழமைகளில் அவர் அவசரப் பழுது.

"ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுதான் பேசுறேன் மேடம். அருமையான புகை."

"புகை இருக்கு. சூடு இல்லை. தண்ணிக் குழாய் உறைஞ்சா வீடே போயிரும். இவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எங்க ஆள் புகையில்லாத வீட்டுக்குத்தான் போவார். இன்னிக்கு ஊர்ல புகையில்லாத வீடு ஒண்ணுகூட இல்லை. இந்த வேலையில சேர்ந்து பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. மேயர் கண் கலங்கிட்டார்."

"அப்ப நான் புகையை நிறுத்திடறேன்."

"ஈய முத்திரையை உடைச்சா எரிவாயுவைத் துண்டிச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா மேடம்? விதியே உங்க வீட்டைப் பார்த்து எழுதினதுதானே."

அவள் போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். லோர்னா வீட்டுக் கூரையில் ரெமி இருந்தான், இடுப்பில் கயிறு, கையில் திருகுச்சாவி. லோர்னாவின் இரண்டாவது கருவி அது, ரோஜா நிறம். கீழே, சாய்த்து வைத்த ஏணியைச் சுற்றி, பத்துப் பதினைந்து பேர் காகிதக் கோப்பைகளில் காபியோடு அண்ணாந்து நின்றார்கள்.

"ரெமி, அதை அப்படியே விட்டுட்டுக் கீழ வாப்பா. ஃபர்னஸ் நின்னுபோச்சு" என்று கூப்பிட்டாள்.

மேலே கருவி இருமியது, உறுமியது. ரோஜா நிறப் புகை குபுகுபுவென்று கிளம்பி, தெருவைக் கடந்து, இருபத்தேழாம் எண் வீட்டின் வெள்ளைப் புகையோடு போய்க் கலந்தது. கையுறைகளோடு கைதட்டினால் சத்தம் வராது. எல்லோரும் கழற்றிவிட்டுத் தட்டினார்கள். லோர்னா அவள் தோளில் கைபோட்டு, ரெண்டும் சேர்ந்தா எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரேன் என்றாள்.

"லோர்னா, அவனைக் கீழ வரச் சொல்லு" என்றாள் ஸ்டெஃபா.

லோர்னா போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்களும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெஃபா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகங்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"யாராவது அந்த ஏணியைக் கொஞ்சம் ஆட்டுங்களேன், அவன் கீழ பார்க்கட்டும்" என்றாள்.