பூட்டை உடைக்க உத்தரவு

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய எவருக்கும் முதல் கட்சிக்காரர் சொந்தக்காரராகத்தான் வாய்ப்பார். எனக்கு வாய்த்தவர் அருளப்பன் மாமா. எதிர்க்கட்சிக்காரர் அவருடைய தம்பி சூசை. அவரும் எனக்கு மாமாதான். (அந்தக் கோபத்தில் அம்மா அப்போது எனக்குச் சோறு போட்டாளே தவிர, குழம்பு ஊற்றவில்லை.)

விருத்தாசலத்தில் இருவருக்கும் அடுத்தடுத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை. நடுவில் ஒரு தகரக் கேட். பெரிய மாமா பட்டறைக்கு டெம்போ வர வேண்டுமானால் அந்தக் கேட் வழியாக, தம்பி இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ஏதோ சண்டையில் சூசை மாமா தன் பக்கம் பூட்டுப் போட, அது கேஸாகி, கடைசியில் கோர்ட்டிலேயே சமரசம் ஆனது. கேட்டைத் திறந்து வழி விடுவதாக அவர் கையெழுத்துப் போட்டார். அண்ணனும் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெவ்வேறு ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

கொஞ்ச நாளில் பெரிய மாமா வந்து நின்றார்.

"பாப்பா, அவன் இன்னும் கேட்ட தொறக்கல. தள்ளிப் பாத்துட்டன், அசைய மாட்டேங்குது. பொம்மைங்கள தலையில தூக்கிட்டுப் போயி பாதி ஒடையுது. இப்பிடியே போனா பட்டறைய மூட வேண்டியதுதான்."

அவர் கண் கலங்கியது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். கோர்ட் ஏற்றுக்கொண்ட சமரசம் தீர்ப்புக்குச் சமம். புது வழக்கு வேண்டாம், நேரே நிறைவேற்று மனு! "இடத்தப் போயி பாத்தியாம்மா?" என்றார் சீனியர். "மாமாவே சொல்றாரு சார்" என்றேன். சூசை மாமா கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. பயந்துவிட்டார் என்று துள்ளினேன். பூட்டை உடைக்க உத்தரவும் வந்துவிட்டது!

உத்தரவை நிறைவேற்றக் கோர்ட் அமீனா வந்தார், சுத்தியலோடு ஓர் ஆள் வந்தார், போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். பெரிய மாமா பட்டறையில் தெருவே கூடியது. கொளுத்தும் வெயிலில் கோட்டைக் கழற்றாமல் நின்றேன். (போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தேன்.) கேட்டில் தேங்காய் அளவு பூட்டு தொங்கியது.

"இதாங்களா மேடம்?" என்றார் சுத்தியல்காரர்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க மாமா" என்று அடக்கிவிட்டு, "இதேதான், ஒடைங்க!" என்று கத்தினேன்.

பூட்டு தெறித்தது. கேட் திறந்தது. அந்தப் பக்கம் பாதை சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. சூசை மாமா நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கே என் பூட்ட எடுத்துட்டன். அப்புறம் எதுக்குக் கோர்ட்டுக்கு வரணும்?"

அமீனா உத்தரவைப் புரட்டினார். "அவுரு பூட்டத்தானே ஒடைக்கச் சொல்லியிருக்குது. அப்ப இது யாரு பூட்டுங்க?"

எல்லோரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள்.

"எங்களுதுதான்... அவன் போட்டான்னு நானும் எங்க பக்கம் ஒண்ணு போட்டன். அவன் மொதல்ல எடுக்கட்டும்னு வுட்டுட்டன்."

"எடுத்துட்டனே அண்ணே!"

"எனக்கு எப்பிடிடா தெரியும்? கேட்டு பூட்டியில்ல இருந்துச்சு!"

சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். சூசை மாமாவுக்கு டீ புரையேறியது. பெரிய மாமா ஓடிப்போய்த் தம்பியின் தலையில் தட்டினார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சூளைக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

என் கல்யாணத்துக்கு மாமாக்கள் இருவரும் சேர்ந்து, தங்கள் சூளையிலேயே சுட்ட ஒரு பீங்கான் பூட்டைப் பரிசளித்தார்கள். இப்போது அது என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. வரும் கட்சிக்காரர்கள் எல்லோரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது யாரு பூட்டு மேடம்?" என்று கேட்கிறார்கள்.

"எங்களுதுதான்" என்கிறேன்.