எட்டாவது ஆள் சிரிக்காத வரைக்கும்

எழுத்து எனக்குத் தொழில் இல்லை. அட்டையில் ஓட்டை போடுவதுதான் தொழில். சேலை பார்டருக்கு வரைந்த படத்தைப் பார்த்து, தறிக்குப் புரிகிற மாதிரி நீள அட்டைகளில் ஓட்டை குத்தி, வரிசையாகக் கோர்த்துக் கொடுப்பேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கதை ஊருக்குள் தப்புத் தப்பாக உலவுகிறது. அந்தத் தப்பில் பாதி நான் செய்தது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் கத்திரி வெயிலை நாற்பது நாள் குகைக்குள் அடைத்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் கிராப்பு அண்ணன்தான்.

பெயர்க் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தலையில் ஒரு முடி கிடையாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் சேலை டிசைனைக் கட்டம் போட்ட கிராப் தாளில்தான் வரைவார்கள். எங்கள் டிசைன் கடையில் வரைந்தவர் அவர். கிராப்காரர் என்று ஆரம்பித்துக் கிராப்பு ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் அவருடைய தலையைப் பார்ப்பார்கள். "பாத்தாச்சா? அடுத்த சோலியப் பாருங்க" என்பார்.

உலகத்தையே அவர் கட்டம் கட்டமாகத்தான் பார்ப்பார். மழை சாரலடித்தால் "ரெண்டு கட்டம் சாஞ்சு பெய்யுது." பஸ் திருப்பத்தில் ஒடித்தால் "ஒரு கட்டம் கூடிப்போச்சு, டிரைவரு." ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஓர் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலேயே நடந்து போய், "நாப்பத்திரெண்டாவது கட்டத்துல ஒரு நூலு தப்பியிருக்கும்மா" என்று சொன்னார். அந்த அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். அன்று அண்ணன் பந்தியில் உட்காரவில்லை.

அவர் மனைவி சரோஜா மதினி. போன பங்குனிப் பொங்கலுக்கு அண்ணன் போட்ட புது பார்டர் சேலையைக் கட்டிக்கொண்டு மதினி கோயிலுக்குப் போனார். பொங்கல் வைக்கிற வரிசையில் பதினேழு பேர் அதே பார்டரில் உட்கார்ந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள். மதினி வீட்டுக்கு வந்து கேட்டார்:

"ஊருக்கெல்லாம் கோடு இழுக்கீக. எனக்குன்னு ஒரே ஒரு கோடு இழுத்திருக்கீகளா?"

அண்ணன் நன்றாக யோசித்து, "பதினேழு பேரா? அப்ப பார்டர் நல்லாத்தான் ஓடுது" என்றார்.

அடுத்த பஸ்ஸில் மதினி பிறந்த ஊரான மல்லாங்கிணறுக்குப் போய்விட்டார். போன் போட்டால் மதினியின் அம்மா எடுப்பார். "உள்ள இருக்கா. வெளிய வர மாட்டேங்கிறா" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நிறமெல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று காட்டுவதற்காக மெக்கானிக் ஒரு ஜப்பான் கேமைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டார். துப்பாக்கி இல்லை, கார் இல்லை. மையில் தோய்த்த தூரிகையால் இழுத்த மாதிரி மலை, மேகம், அலை. அண்ணன் அலையைப் பார்த்ததும் அசந்துவிட்டார்.

"தங்கச்சி, இந்த அலையப் பாரு. எட்டுக் கட்டத்துல மடங்கித் திரும்புது. வரைஞ்சவன் நம்ம சோலிக்காரன்."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த கேம்தான்.

அதில் நாம்தான் ஒரு பழைய காகிதக் குடை. நூறு வருசம் ஆன சாமானுக்கு அங்கே உயிர் வந்துவிடுமாம். ஒரு கண், ஒரு கால், நொண்டி நொண்டிக் குதித்துப் போகும். ஜப்பானில் சூரியன் ஓர் அம்மன். அவள் கோவித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கல்லைச் சாத்திக்கொண்டாள். உலகமே மப்படைத்துத் தூறிக்கொண்டிருக்கிறது. குடை ஊர் ஊராகப் போய், எட்டுக் குட்டிச் சாமிகளுக்கு முன்னால் எதையாவது வரைந்து காட்டிச் சிரிக்கவைக்க வேண்டும். எட்டுப் பேரும் சிரித்தால் அம்மன் எட்டிப் பார்ப்பாள். வெயில் வரும். கேம் முடியும்.

அம்மன் பேசுவது ஜப்பான் பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அண்ணனுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், அதற்கு மேல் கிடையாது. நான்தான் எழுத்துக் கூட்டி அர்த்தம் சொல்லுவேன். தெரியாத இடத்தில் நானாக ஏதாவது சேர்த்துக்கொள்வேன். அம்மன் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

சாமி கேம் என்பதால் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மவுசைத் தொடுவார். கறி சாப்பிட்ட நாளில் விளையாட மாட்டார். வெள்ளிக்கிழமை திரைக்குக் குங்குமம் வைப்பார். முதலாளி ஒருநாள் டிசைன் பார்க்க வந்து, "இந்தச் செவப்புப் புள்ளிதான்யா எடுப்பா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஏழு சாமிகள் சிரித்தாகிவிட்டது. எட்டாவது, பாறை மூஞ்சிச் சாமி. அதற்கு முன்னால் குடையைக் கொண்டுபோய் நிறுத்திய அண்ணன், மவுசை விட்டுவிட்டார்.

"என்னண்ணே, இன்னும் ஒண்ணுதானே?"

"இது சிரிச்சா என்ன ஆகும்?"

"வெயிலு வரும்."

"வெளிய என்ன அடிக்குது?"

"வெயிலு."

"அது பத்தாதுன்னு இதையும் தொறந்து விடச் சொல்றியா? கெடக்கட்டும் உள்ள."

அதன் பிறகு தினமும் தூறலில் குடையை உலாத்தவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோறு சாப்பிடுவார். கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கும் என்பார்.

ஒருநாள், அம்மனுக்கு என்னதான் கோவம் என்று கேட்டார். நான் வாசித்தேன். வானத்தில் அம்மன் தறிக்கூடம் வைத்திருந்தாளாம். தம்பிக்காரன் திமிரில் கூரையைப் பிரித்து, தோலுரித்த குதிரை ஒன்றை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டானாம்.

அண்ணன் சோற்றுக் கையை உதறினார். "தறியா?"

"தறிதாண்ணே."

"ஓடிக்கிட்டிருந்த தறியிலயா? பாவு என்ன ஆச்சு?"

"பாவைப் பத்தி ஒண்ணும் எழுதலண்ணே."

"எழுத மாட்டான். குதிரையத்தான் எழுதுவான். நீளவாக்குல இழை இழையா இழுத்துக் கட்டின பாவு நூலு, ரத்தம் பட்டா என்னத்துக்கு ஆகும்?"

"குதிரையும் பாவந்தானேண்ணே, செத்துப்போச்சே."

"அது முன்னாடியே செத்தது. பாவு உசுரோட இருந்துச்சுல்ல!"

கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்ப இது நம்ம ஆளு" என்றார். அன்றிலிருந்து அம்மனிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

"ஒருத்தனாவது போயி, என்னம்மா கோவம்னு கேட்டானா? ஆடிப் பாடிச் சிரிச்சு, ஏமாத்தி வெளிய இழுக்கப் பாக்குறானுக" என்று என்னிடம் பொருமினார்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எப்படியோ வாயில் வந்துவிட்டது. "மல்லாங்கிணத்துக்குப் போயி நீங்க கேட்டீகளாண்ணே?"

அண்ணன் மொட்டைத் தலையை மூன்று தடவை தடவினார். கம்ப்யூட்டரை அணைத்தார். அலமாரியிலிருந்து, வருசக்கணக்காகத் தொடாத கிராப் தாளை எடுத்தார்.

நாலு நாள் வரைந்து வரைந்து அழித்தார். மாங்காய் வந்தது, போனது. மயில் வந்தது, போனது. கடைசியில் நின்றது, முழுக்கக் கறுப்பு பார்டர். அதற்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. ஓர் இழை அகலம்.

"என்னண்ணே இது?"

"கதவைச் சாத்தினாலும் இடுக்குல வெளிச்சம் தெரியும்ல, அது."

நூற்று அறுபது அட்டை குத்தினேன். ஒரே ஒரு சேலை நெய்தார்கள். அண்ணன் அதை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். ஒரு வாரம் ஆகியும் அது அங்கேயே கிடந்தது. கொண்டுபோகவில்லையா என்று கேட்டால், "போயி என்னன்னு சொல்ல?" என்று மறுபடி கேமைப் போட்டுவிடுவார். மதினி இனி வரவே மாட்டாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் செய்த தப்பு வருகிறது. மல்லாங்கிணறு பேச்சியக்கா எங்களிடம் சேலை எடுத்து ஊர் ஊராக விற்கிறவர். ஒரு மத்தியானம் வந்து, "கிராப்பு எங்க?" என்றார். எனக்கு நீளமாகப் பேச வராது.

"அவுக உள்ள சாமி ஆடிக்கிட்டு இருக்காக" என்றேன்.

சாமி கேம் என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் சாமி ஆடுவது என்றால் உடம்பில் சாமி இறங்கி ஆடுவது ஒன்றுதான். அதற்கேற்ற மாதிரி, சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் புரியாத பாஷையில் கேவியது. அதற்கு அண்ணன் தெலுங்கில் ஆவேசமாக ஏதோ சொல்லி, தமிழில் முடித்தார்: "நீ வெளிய வராத தாயி! ஒன் பாவுல கை வச்சவன நான் விட மாட்டேன்!"

பேச்சியக்கா மூட்டையை இறக்கிவிட்டு, வாசற்படியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். எங்கள் வாசற்படியில் இருப்பது பஞ்சுத் தூசிதான். அது ஒட்டிய நெற்றியோடு பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் நாலு பேர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். ஒருவர் பயபக்தியாக, "மழை வருமா சாமி?" என்றார். கேமைக் கேட்கிறார் என்று நினைத்து அண்ணன், "எட்டாவது ஆளு சிரிக்காத வரைக்கும் மழைதான்" என்றார். நேரம் பாருங்கள், அன்று சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்துவிட்டது.

அவ்வளவுதான். யார் அந்த எட்டாவது ஆள் என்று தெருவே ஆராய்ச்சியில் இறங்கியது. கடைசியில் எங்கள் முதலாளி என்று முடிவானது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போகிற வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெதைக்கிற வரைக்கும் சிரிச்சிராதீக முதலாளி" என்று கெஞ்சினார்கள். அவர் வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். நாங்கள் தினமும் நாலு மணிக்கு எலுமிச்சைச் சாறு குடித்தோம்.

பேச்சியக்கா ஊருக்குப் போய் மதினியிடம், "ஒம் புருசன் மேல அம்மன் எறங்கிருச்சுடி. பொம்பளைக் கொரல்ல வேத்துப் பாசை பேசுறாரு" என்றிருக்கிறார். மதினி அம்மனை விட்டுவிட்டார். "பொம்பளைக் கொரலா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்திருக்கிறார்.

பெஞ்சில் இருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"உள்ள எவ அவ?"

"அம்மன், மதினி."

"எந்த ஊரு அம்மன்?"

"ஜப்பானு."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை ஒரு சாண் தள்ளி எட்டிப் பார்த்தார். அண்ணன் திரும்பினார். ஊருக்கே குறி சொன்னவர், மறுபடி திரையின் பக்கம் திரும்பி, பாறை மூஞ்சிச் சாமிக்கு முன்னால் மவுசால் வரைய ஆரம்பித்தார். ஒரு வட்டம். அதில் முடி இல்லை. ரெண்டு காது. கீழே தொங்கிப்போன வாய்.

"இது யாரு?" என்றார் மதினி, வாசலிலேயே நின்று.

"நாந்தான்."

மதினி உற்றுப் பார்த்தார். "காது ரெண்டு கட்டம் கூடிப்போச்சு."

அப்புறம் அவருக்கு அடக்க முடியவில்லை. மதினி முதலில் சிரித்தாரா, பாறை மூஞ்சி முதலில் சிரித்ததா, நான் கவனிக்கவில்லை. திரையில் கல் நகர்ந்து வெயில் வந்தது. நாற்பது நாள் சாம்பலாகக் கிடந்த மலையெல்லாம் பச்சையாகிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. டிராயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

மதினி மஞ்சள் கோட்டை விரலால் தடவினார். "இது எத்தனை பேருக்குப் போட்டிருக்கீக?"

"ஒண்ணு."

"நெசமா?"

"தங்கச்சி, அந்த அட்டையெல்லாம் கொண்டுபோயி எரிச்சிரு" என்றார் அண்ணன் என்னிடம்.

திரையில் கடைசி எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. உன்னைவிடப் பெரியவள் ஒருத்தி இங்கே வந்திருக்கிறாள் என்று அந்தச் சாமிகள் சொன்னதால்தான் அம்மன் யாரென்று எட்டிப் பார்த்தாளாம். அதை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அட்டைகளைக் கொல்லையில் எரித்தேன். பெஞ்சுக் கூட்டம் வந்து அந்தச் சாம்பலையும் பூசிக்கொண்டது. நூற்று ஐம்பத்தொன்பதுதான் எரித்தேன். ஒன்றை மடித்து என் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாக வெயில் விழும். அண்ணன் முகம் ஞாபகம் வரும்.

மறுநாள் மழை இல்லை, நல்ல வெயில். முதலாளி பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். அண்ணன் பத்து நிமிசம் பிந்தி வந்து, செருப்பைக் கழற்றாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.