விற்பதற்காக மாற்றிய சிலிண்டர் ஹெட்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினான்காம் நாள், புதன்கிழமை. காலையில் மேகமூட்டம். பிறகு மேகம் விலகியது, கடற்காற்றும் எழவில்லை, புழுக்கம் ஊரையே அவித்தது. அன்று நண்பகல் நான் ஓர் உறுதி பூண்டேன்: என் மனைவியின் பிக்கப் வண்டியை விற்றே தீருவது.

காரணத்தை முறைப்படி கூறிவிடுகிறேன். நான் அம்பலவாணன், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஓய்வு பெற்ற ஆண்டில்தான் என் மனைவி பெரியநாயகி வேலைக்குப் புறப்பட்டாள். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டில் சமைத்து, அண்டாக்களைப் பிக்கப்பில் ஏற்றி, தானே ஓட்டிச் சென்று, கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றக் காத்துக்கிடக்கும் லாரிக்காரர்களுக்குச் சோறு விற்கிறாள். நானோ மூடிவைத்த சோற்றைத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உண்கிறேன். சுவர் பொறுமையாகக் கேட்கும். உப்பு போதுமா என்று திருப்பிக் கேட்காது. வாழ்நாளெல்லாம் வகுப்பு நிறையப் பிள்ளைகளிடம் பேசியவனுக்கு, நண்பகலின் அமைதி ஒரு தண்டனையாகவே படுகிறது.

அந்தப் புதன்கிழமை பிக்கப் வெள்ளைப் புகை கக்கி நடுச்சாலையில் நின்றது. அது நின்றதே எனக்கு ஓர் அருள்.

இஞ்சினைப் பிரித்துவிட்டார்கள் என்று அறிந்ததும், மனைவிக்கு முன்பாகவே சேக் அலாவுதீனின் ஒர்க்‌ஷாப்பை அடைந்தேன்.

"சார், ஹெட்டு விரிஞ்சிருச்சு. இங்க பாருங்க, ரெண்டு வால்வுக்கு நடுவுல." இஞ்சினின் மேல்மூடியான அந்த வார்ப்பில் மயிரிழை போல ஒரு கோடு. "ரேடியேட்டர் தண்ணி இது வழியா உள்ள எறங்கி ஆவியாப் போவுது. அதான் வெள்ளப் புகை."

"வண்டி இனி நாள்தோறும் ஓடத் தாங்காது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்."

"தாங்குமே சார்! வேற ஹெட்டு போட்டா கல்லு மாதிரி ஓடும்."

"தாங்காது என்று மட்டும் சொன்னால் போதும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யன்று. சோர்வூட்டும் ஒரு கருத்து."

அலாவுதீன் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி சார்" என்றார். அவருடைய பகலுணவு யார் கைச் சமையல் என்பதை அப்போதே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மாலையில் பெரியநாயகி அமைதியாக வந்தாள்.

"அலாவுதீன் சொல்லிட்டாருங்க. வண்டி நம்ம வேலைக்குத் தாங்காதாம். வித்துடலாம்."

வாதாடுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் வீணாயின. இத்தனை எளிதாகக் கிடைத்த வெற்றி சற்று ஏமாற்றமாகவும் இருந்தது.

"ஆனா ஹெட்டு விரிஞ்ச வண்டிய யாருங்க வாங்குவா? இரும்பு எடைக்குத்தான் கேப்பான்."

"மெய்தான்."

"மாத்திட்டு வித்தா?"

"நல்ல விலை போகும்."

"மாத்துறதுன்னு ஆச்சு, பழைய மாதிரியே போட்டா மறுபடி விரியும்னு வாங்குறவன் யோசிப்பான். கனமா வார்த்த ஹெட்டு வருதாம். அதையே போட்டுடலாம். ரேடியேட்டரும் பெருசாப் போட்டா இஞ்சின் சூடே ஏறாதாம்."

விற்கப்போகும் வண்டிக்கு எதற்கு இத்தனை சிறப்பு என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால், 'விற்றுவிடலாம்' என்ற சொல் என் காதில் இனித்துக்கொண்டிருந்தது. இசைந்தேன்.

புது ஹெட் பூட்டிய அன்று, அலாவுதீன் என் முகத்தைப் பாராமலே பேசினார்.

"ஒரு மாசம் வேகம் நாப்பதுக்கு மேல போவக்கூடாது. தெனம் ஓட்டணும். அப்புறம் யாருக்கு வேணாலும் காட்டலாம்."

பெரியநாயகி பெருமூச்சு விட்டாள். "நாப்பதுல போற பொறுமை எனக்கு ஏதுங்க? நம்ம மாவட்டத்துலயே அப்படி ஓட்டுறது நீங்க ஒருத்தர்தான்."

அது புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல், அண்டாக்களுடன் கீழவாஞ்சூருக்கு நான் சென்றேன். முதல் நாள் கரண்டியைப் பிடித்துத் தயங்கி நின்றபோது, முத்தையன் என்ற லாரி ஓட்டுநர் தட்டை நீட்டியபடி கத்தினார்:

"ஊத்துங்க வாத்தியாரே! மார்க்கா போடுறீங்க, இவ்வளவு யோசிக்கிறீங்க?"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஒருவர் மகனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்டார். ஒருவர் மீன் குழம்பில் புளி தூக்கல் என்றார். எல்லாரும் உண்டபின், பிக்கப்பின் பின்பலகையில் அமர்ந்து நானும் அவர்களோடு உண்டேன். சுவரின் நினைவே எழவில்லை.

ஒருநாள் முத்தையன் கேட்டார். "ஏன் வாத்தியாரே இப்படி ஊர்ந்து வரீங்க? சைக்கிள்காரன் முந்திப் போறான்."

"புதிய ஹெட். ஒரு மாதம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்."

"பிஸ்டன மாத்துனாத்தான் அப்படி ஓட்டுவோம். வெறும் ஹெட்டுக்கு, கொஞ்சம் ஓடுனதும் போல்ட்ட ஒருதரம் முறுக்கிப் பாத்தாப் போதுமே. எவன் சொன்னான் ஒங்களுக்கு?"

அன்று வீடு திரும்பும்போது நாற்பதைத் தாண்டினேன்.

வாசலில் ஒரு சிறிய வேன் நின்றது. கண்ணாடியில் மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

"இது யாருடையது?"

"நம்மதுதாங்க. பூவத்துல ரோடு போடுற ஆளுங்க சோறு கேக்குறாங்க. நான் அந்தப் பக்கம் போறேன்."

"பிக்கப்பை விற்பதாகத்தானே பேச்சு?"

"வித்துட்டா கீழவாஞ்சூருக்கு நீங்க எதுல போவீங்க?"

"நாற்பதில் ஓட்ட வேண்டும் என்று அலாவுதீன் சொன்னது?"

"அது பொய்யில்லையாம். என்னமோ கருத்தாம். ஒங்ககிட்டதான் கத்துக்கிட்டாராம்."

நான் நாற்காலியில் அமர்ந்தேன். அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். குரல் தணிந்தது.

"தனியா ஒக்காந்து சாப்புடப் புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்ல? அதுக்குப் போயி வண்டிய விப்பாங்களா?"

எத்தனையோ பிள்ளைகளுக்கு, மனத்தில் உள்ளதை நேராகச் சொல்லப் பழக்கியவன் நான். அந்த ஒரு வார்த்தையை எனக்கு ஏன் சொல்ல வரவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. அலாவுதீன் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துச் சரி என்றார். என் மனைவி பூவத்துக்கும் நான் கீழவாஞ்சூருக்கும் நாள்தோறும் செல்கிறோம். மழை நாளிலும் சோறு போகிறது, பொங்கலன்றும் போயிற்று. சென்ற மாதம் ஒருநாள் விடுப்புக் கேட்டேன்.

"வண்டி நின்னா எடுத்துக்குங்க" என்றாள்.

கனமான ஹெட். வண்டி இன்றுவரை நிற்கவில்லை.