எழுத்தாளருக்கு வந்த சந்தோஷம்

"நாவல் பாதியில நிக்குது, கதாநாயகி ஆஸ்பத்திரியில கிடக்கிறாம்மா! சாகவும் இல்ல, பொழைக்கவும் இல்ல. எழுத்தாளர் அம்மா பேனாவ மூடி வச்சிட்டாங்க. எல்லாம் உன்னாலதான்!"

பதிப்பாளர் போனில் போட்ட சத்தத்தில் ஆய்வு மாணவிக்குக் காது அடைத்துப்போனது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

நேர்மறை உளவியல் வழியாக ஒரு பெண் எழுத்தாளரின் வாழ்க்கையை வாசிக்கிறேன் என்று கிளம்பியவள் அவள். மனுஷருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், எது அவரைத் தாங்கிப் பிடித்தது என்று தேடுகிற படிப்பு அது. எழுத்தாளர் அம்மாவோ சின்ன வயதில் அப்பாவை இழந்தவர். கல்லூரி வாசலை மிதிக்க விடப்படாதவர். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து முதல் நாவலை எழுதியவர். அவர் நாவல்களைப் படிப்பவர்கள் கைக்குட்டையோடுதான் உட்காருவார்கள். எல்லோரும் சோகக்கதை என்று சொன்ன அந்த வாழ்க்கையில் மாணவி மீண்டெழும் திறனைக் கண்டாள், நன்றியுணர்வைக் கண்டாள், வேலையில் தன்னை மறக்கிற பேரின்பத்தையும் கண்டாள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதி அவரிடமே படிக்கக் கொடுத்தாள்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இத்தனை வருஷமா நான் சந்தோஷமா இருந்திருக்கேன். எனக்கே தெரியாமப் போச்சே!"

அன்றிலிருந்து, எழுதிக்கொண்டிருந்த அழுகை நாவலை அவர் தொடவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாராம்.

"சிரிக்கிறது நல்லதுதானே சார்?"

"அவங்க அழவச்சாத்தாம்மா என் பிழைப்பு ஓடும்!"

மாணவிக்கும் சிக்கல்தான். 'மகிழ்ச்சி படைப்பை வளர்க்கும்' என்பதுதான் அவள் ஆய்வேட்டின் முடிவுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எழுத்தாளரே எழுதுவதை விட்டுவிட்டால் தேர்வாளர்கள் முன்னால் எந்த முகத்தோடு உட்காருவது?

நேராக எழுத்தாளர் வீட்டுக்குப் போனாள். "அம்மா, நான் கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன். நீங்க நிஜமாவே ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. நினைச்சுப் பாருங்க."

எழுத்தாளர் அவள் கன்னத்தைத் தட்டினார். "எழுதினது தப்புன்னு வந்து சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும்! இந்தக் காலத்துப் பொண்ணுங்கள நினைச்சாலே எனக்கு நம்பிக்கையா இருக்கு."

முன்பு இருந்ததைவிட ஒரு படி கூடுதல் சந்தோஷம்.

அடுத்து பதிப்பாளர் களத்தில் இறங்கினார். புனைபெயரில் தானே உட்கார்ந்து, எழுத்தாளரைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு விமர்சனம் எழுதி, பத்திரிகையில் வரவழைத்தார். இதைப் படித்தால் கல்லும் அழும் என்று மாணவியிடம் பெருமை வேறு.

எழுத்தாளர் அதை உரக்கப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். பதிப்பாளரையே போனில் கூப்பிட்டார். "என்னைத் திட்ட எவ்வளவு உழைச்சிருக்கார், பாவம்! அவரை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

"அவர்... வெளியூருங்கம்மா."

"அப்ப நாமளே போயிடலாம். வண்டி சொல்லுங்க."

பதிப்பாளர் அன்று முழுக்கப் போனை அணைத்து வைத்திருந்தார்.

கடைசி அஸ்திரமாக மாணவி நாத்தனாரைப் பிடித்தாள். எழுத்தாளரின் எல்லா நாவல்களிலும் குடும்பத்தைக் கெடுக்கிறவள் இந்த நாத்தனாரின் சாயலில்தான் வருவாள். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிறது. "உங்க அண்ணி உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லி, நாத்தனாரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் மதிலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தாள். சிரிப்புதான் கேட்டது. "போங்க அண்ணி, அந்த மூணாவது நாவல்ல என் மூக்கை அவ்வளவு நீளமாவா எழுதுவீங்க?" என்று நாத்தனார் குரல்.

மறுவாரம் ரெண்டு பேரும் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. பதிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று மாணவிக்குப் பட்டது. தான் நேசித்துப் படித்த எழுத்தாளரை, அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்காகவே அழவைக்கப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம், பட்டம் போனால் போகட்டும் என்று கிளம்பினாள்.

கதவைத் திறந்தது எழுத்தாளரின் கணவர். அதிகம் பேசாத மனிதர். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவரைப் பார்த்ததுமே மாணவி விமர்சனம், நாத்தனார், பொய் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டாள்.

"நானும் பதிப்பாளரும் சேர்ந்து அம்மாவோட எழுத்தையே கெடுத்துட்டோம் ஐயா. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் பதறிப்போய் அவள் வழியை மறித்தார்.

"ஐயய்யோ, அப்படிச் சொல்லாதேம்மா! இதெல்லாம் அவளுக்கு அப்பவே தெரியும். உங்க ரெண்டு பேரையும் வச்சு முதல் தடவையா ஒரு சிரிப்பு நாவல் எழுதிட்டிருக்கா. அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியாம, பேனாவும் கையுமா ஜன்னல்லயே காத்துக்கிட்டிருக்கா!"