மேஸ்திரியின் ஐந்து கோடுகள்

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்க. ஒரு கோட்டை வளைக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்ற மனிதரின் கதை இது.

"ஸ்கேல் வேண்டாம் ஐயா. கையால போடுங்க" என்றார் டீச்சர்.

தச்சுப் பட்டறை மேஸ்திரி ஸ்கேலை ஒதுக்கிவிட்டுக் கையால் இழுத்தார். கோடு முன்னதைவிட நேராக விழுந்தது.

வடிவமைப்பு வகுப்பில் தேறிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் மேஸ்திரி வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் பழையபடி இழைப்புளி பிடித்து மரம் சீவ வேண்டியதுதான் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். வகுப்பிலோ கோபம், பசி, பயம், சந்தோஷம், அன்பு ஐந்தையும் வெறும் கோட்டால் காட்ட வேண்டும். உருவம் கூடாது. மேஸ்திரி ஐந்து தாளிலும் நேர்கோடு போட்டு வைத்திருந்தார்.

"இது என்னங்கய்யா?"

"கோபம்."

"நேரா இருக்கே?"

"என் கோபம் சுத்தி வளைக்காது டீச்சர்."

"சரி, கண்ண மூடிட்டு ஒண்ணு போடுங்க."

கோடு தாளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, பக்கத்துத் தையல்கார அம்மாவின் சந்தோஷத்தை நடுவில் அறுத்துக்கொண்டு போனது. நேராகத்தான்.

"மேசை ஆடுதும்மா, அதான்" என்று மேஸ்திரி குனிந்து, ஆடும் காலுக்கு ஆப்பு வைத்தார். அத்தோடு கை சும்மா இருக்குமா? பதினாறு மேசைக்கும் வைத்தார்.

வினை அங்கேதான் வந்தது. அதுவரை அலை அலையாக விழுந்த எல்லார் கோடும் விறைத்துப்போய் நேரானது. பயத்தைக் கண்முன் நிறுத்துகிறது என்று டீச்சர் மெச்சிய தையல்கார அம்மாவின் நடுக்கம், மேசையின் நடுக்கமாம்.

"என் கிளாஸையே கெடுத்துட்டீங்க. ஆப்ப எடுங்க."

"ஆடுற மேசைய விட்டுட்டுப் போனா நான் தச்சனே இல்ல. என் அஞ்சு கோடும் அஞ்சு விதம். பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"யாராவது ஒருத்தர் அஞ்சையும் சரியாச் சொல்லட்டும். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

டீச்சர் எது கோபம், எது பசி என்று மேஸ்திரியைக் கேட்டுத் தாள்களின் பின்னால் எழுதி, கலைத்துப் பரப்பினார். வகுப்பே குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

அந்த நேரம் பார்த்து, மேஸ்திரி வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு அவர் மனைவி வந்து நின்றார்.

"அம்மா, இதப் பாத்தா ஏதாவது தெரியுதா?" என்றார் டீச்சர்.

"இதுவா? பசி. இது கோபம், இடது ஓரம் மயிரிழை இறங்கியிருக்கு பாருங்க. இது பயம், எங்கக்கா வர்றான்னு சொன்னா இப்படித்தான். இது சந்தோஷம். அக்கா கிளம்பிட்டா."

டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்கும் சரி.

"எப்படிம்மா?"

"இந்தக் கோடெல்லாம் இவரு மூடின வாய்தானே, எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா எதிர்ல உக்காந்து பாக்குறேனே."

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார். மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். மிச்சமிருந்தது அன்பு ஒன்றுதான்.

அந்த அம்மா தாளைக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், கணவர் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"இது இவரு இல்லீங்க. வேற யாரோ."

உங்கள் வீட்டில் அந்த ஐந்தாவது கோடு எல்லோருக்கும் பார்த்துப் பழகியதாக இருக்கட்டும், கண்ணுகளா. நல்லா இருங்க.