இரைச்சல் நீக்கப்பட்ட கடல்

பொதுமக்கள் அரசைத் தேடி அலையக் கூடாது, அரசே மக்களைத் தேடி வர வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு, 2011ஆம் ஆண்டு மாசி மாதத்தில், எங்கள் குருசடித்துறை சமூக நலக்கூடத்தில் கடலோரக் குறைகேட்பு நேரலை மையம் திறந்துவைக்கப்பட்டது. ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு பெரிய டிவி, ஏழு பிளாஸ்டிக் நாற்காலி. செவ்வாய்தோறும் காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து துறை இயக்குநரே டிவியில் தோன்றுவார். நாங்கள் குறையைச் சொல்லலாம். குளச்சலுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நாகர்கோவிலுக்கு மாறி, ஆபீஸ் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்து, யாரும் கேட்காமல் திரும்பி வந்துகொண்டிருந்த ஊர் இது. இனி பஸ் செலவில்லாமல், சொந்த ஊரிலேயே, யாரும் கேட்காமல் வீடு திரும்பலாம்.

நான் இப்படிப் பேசக் கூடாது. அந்த மையத்தின் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் நான்தான். ஆன்ட்ரூஸ் சவுண்ட்ஸ் என்ற பெயரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவனுக்கு அப்படியொரு பதவிப் பெயர் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

முதல் மனு வியாகுலம்மாள் மாமியுடையது. மாமி மீன் விற்கிறவர். கடலரிப்புத் தடுப்புச் சுவருக்குக் கல் போட வந்த காண்டிராக்டர் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டே வந்து, நடுவில் அறுபது அடியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த அறுபது அடிக்கு நேர் பின்னால் மாமி வீடு. ஆனி மாதம் கடல் கேறினால் முதலில் மாமியின் அடுக்களைக்குத்தான் வரும். ஆனி பிறக்க மூன்று மாதம் இருந்தது.

"சாரே, சொவருல அறுவது அடி தொறந்து கெடக்கு. ஆனிக்கு முன்ன கல்லு போட்டுத் தரணும்" என்றார் மாமி.

இயக்குநர் மாமியைப் பார்த்தபடியே இருந்தார். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. மாமி எழுந்து வந்துவிட்டார். அடுத்து நௌஷாத் வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தெருவிளக்கு வேண்டும். அவன் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முகம் மலர்ந்தது.

"அறுபது அடிதானே? உடனே போட்டுத் தருகிறோம், தம்பி."

ஒலி ஒன்பது விநாடி பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாமியின் குரலை இயக்குநர் நௌஷாத்தின் முகத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்த குறைகேட்பு அலுவலர் பொன்னுலிங்கம் சார், திரையில் தெரிபவரே மனுதாரர் என்ற விதி எண் நான்கின்படி உத்தரவை எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாளில் ஐந்து லாரி கல் வந்து நௌஷாத் வீட்டு வாசலில் இறங்கியது. அவன் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. அன்றைக்கு நௌஷாத் விளக்குக் கேட்டு எழுந்ததும், தவறைத் திருத்தச் சொல்லி மாமி மறுபடி போய் உட்கார்ந்திருந்ததால், மாமி வீட்டு முன்னால் ஒரு தெருவிளக்கு நட்டார்கள்.

"அந்தக் கல்லத் தூக்கி இங்க போட்டா தீந்துது, இல்லா?" என்று மாமி கேட்டார்.

"போட்ட கல்ல எடுத்தா அது கல் திருட்டு, பாத்துக்கிடுங்க" என்றார் பொன்னுலிங்கம் சார். விளக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடல் வந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

நான் சென்னைத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் செய்தேன். பொறியாளர் பொறுமையாக விளக்கினார். படம் உடனே வந்துவிடுகிறதாம். எங்கள் ஒலியில்தான் இடைவிடாமல் ஓர் இரைச்சல். அதை அவர்களுடைய சர்வர் துடைத்தெடுத்து அனுப்ப ஒன்பது விநாடி ஆகிறதாம்.

"சார், அது கடலு."

"எதுவானாலும் தேவையற்ற ஒலி."

"கடலப் பத்தித்தான சார் மனுவே."

"மனு தேவையான ஒலி. கடல் தேவையற்ற ஒலி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்."

"தொடைக்காம அப்படியே அனுப்பிர முடியாதா?"

"அதற்குப் பட்டன் இல்லை."

இயக்குநரின் குரல் மட்டும் எங்களுக்கு உடனுக்குடன் வந்தது. அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடியும் பொறியாளர். அசையாத பொருளுக்கு டேட்டா செலவு குறைவு, அசைகிற பொருள்தான் லைனைத் தின்கிறது என்றார். "உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. அதை நிறுத்துங்கள்."

கடலை நிறுத்த எங்களிடம் அதிகாரம் இல்லாததால் ஜன்னலை ஆணி அடித்து மூடினோம். மனுதாரர்கள் கையை ஆட்டிப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஊரில் கையை ஆட்டாமல் பேசுகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடைப்பார்கள். கடலோர மையம் என்பதற்கு அடையாளம் வேண்டுமே என்று, மூடிய ஜன்னலின் மேல் வட்டக்கோட்டையின் சுற்றுலா போஸ்டர் ஒன்றைப் பொன்னுலிங்கம் சார் ஒட்டினார். அதில் கடல் நீலமாக, மடிப்புக் கலையாமல் கிடந்தது.

ஒன்பது விநாடிச் சிக்கலைத் தீர்த்தவன் நான். அதை இப்போது பெருமையாகச் சொல்ல முடியவில்லை. தவக்காலத்தில் எங்கள் ஊரில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். கடற்காற்றில் மைக் எடுக்காது என்பதால் வசனம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்து ஒலிபரப்புவோம், நடிப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். இருபது வருஷப் பழக்கம். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் பிசகாது. அதே வித்தையை இங்கேயும் இறக்கினேன். நாடகத்தில் இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதும் பிலாத்துவுக்குக் குரல் கொடுக்கிறவன் பெயர் சிலுவை. அவன் கேமராவுக்கு வெளியே நின்று மனுவை மைக்கில் வாசிப்பான். அவன் குரலை ஒன்பது விநாடி கழித்து மனுதாரரின் காதில் மாட்டிய இயர்போனுக்குள் விடுவேன். அவர் அதற்கேற்ப வாயை அசைப்பார். சென்னையில் குரலும் உதடும் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

"எனக்க வாயால நான் சொன்னா போராதாலே?" என்று மாமி கேட்டார்.

"போதும் மாமி. ஆனா பொருந்தாது."

இயக்குநர் அசந்துபோனார். மாவட்டங்களிலேயே இவ்வளவு தெளிவான தமிழைக் கேட்டதில்லை என்றார். எல்லா மனுவும் பிலாத்துவின் குரலில் போவது அவருக்கு உறுத்தவில்லை. ஊரே வாயசைக்கக் கிளம்பியது. மனு இல்லாதவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். டிவியில் முகம் வருகிறதே.

மாமி ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பதினோரு வாரம், கையை மடியில் கட்டிக்கொண்டு, அதே அறுபது அடிக்கு வாயசைத்தார். பதினோராவது வாரம் இயக்குநர் போஸ்டரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பின்னால் கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, அம்மா? ஒலியிலும் அலைச் சத்தம் எதுவும் இல்லை. இந்தப் பகுதியில் சீற்றம் இருப்பதற்கான ஆதாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை."

பன்னிரண்டாவது வாரம் ஆனி பிறந்திருந்தது. ஜன்னலை மூடியிருந்ததால் வெளியே நடப்பது யாருக்கும் தெரியவில்லை. சிலுவை, "மாண்புமிகு இயக்குநர் அவர்களே, அறுபது அடி இடைவெளியானது..." என்று ஆரம்பித்தான். மாமி ஒன்பது விநாடி காத்திருந்து உதட்டைத் திறந்தார். அப்போதுதான் கதவுக்கு அடியிலிருந்து நுரையோடு தண்ணீர் உள்ளே வந்தது. எங்கள் கணுக்காலைத் தொட்டது.

பொன்னுலிங்கம் சார் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "ஆரும் அசையாண்டாம். படம் ஒடஞ்சிரும்."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், யாரும் அசையவில்லை. இருபது பேர் இருந்தோம். நான் ஸ்டூல் மேல் ஏறி, வயர் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமி காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். "அடுக்களைல வெள்ளம் கேறியாச்சு. நீங்க இங்கின இருந்து படம் புடியுங்கலே" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

டிவியில் இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார். காலி நாற்காலியிலிருந்து மனு இன்னும் அழகாக வந்துகொண்டிருந்தது அவருக்கு. "அந்த அம்மா ஏன் பாதியில் எழுந்து போகிறார்? குரல் முடியவில்லையே?" மாமி கடைசியாகச் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. மைக்குக்குத் தூரத்திலிருந்து வந்த சத்தம் என்பதால் சர்வர் அதையும் துடைத்திருக்கும். மனுதாரர் ஒத்துழைப்பு அளிக்கவில்லை, கடல் அமைதி, என்று குறிப்பேட்டில் ஏறியது.

அடுக்களை அன்றைக்கே போயிற்று. மறுநாள் மீதி வீடும் போயிற்று. மாமியும் மகள் லிஜாவும் கையில் கிடைத்த பாத்திரங்களோடு நலக்கூடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஊரில் வேறு காலிக் கட்டடம் இல்லை. பொன்னுலிங்கம் சார் அறிக்கை அனுப்பினார்: மனுதாரர் நேரலை மையத்திலேயே குடியமர்த்தப்பட்டுள்ளார், இனி அவர் மனு கொடுக்க அலைய வேண்டியதில்லை, எனவே குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது.

அடுத்த மாதம் குருசடித்துறைக்கு மாநிலத்தின் சிறந்த நேரலை மையம் என்று கேடயம் கிடைத்தது. உதடும் குரலும் பொருந்தியதற்காக. ஊர் கமிட்டி வெடி போட்டது. நாற்சந்தியில் பிளக்ஸ் வைத்தோம். அதில் என் படமும் இருந்தது, நான்தான் நல்ல சட்டை போட்டு எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்கு இயக்குநர் பாராட்டுரை வழங்கத் திரையில் தோன்றினார். ஊர் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. மூலையில் மாமி அடுப்பு பற்றவைத்து மதியத்துக்கு உலை வைத்திருந்தார். பொன்னுலிங்கம் சார் உதட்டை அசைக்காமல் என்னிடம், "பொகை அசையுதுவே. போய் அணைக்கச் சொல்லும்" என்றார்.

நான் போனேன். குனிந்து, கேமராவில் விழாமல், "மாமி, ஒரு பத்து நிமிசம் அடுப்ப அணைச்சுப் போடுங்க. படம் ஒடயுது" என்றேன்.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் அசையவில்லை. பழக்கதோஷத்தில் நான் ஒன்பதுவரை எண்ணிக்கொண்டு நின்றேன்.