வடகிழக்கு பார்த்த எஸ்எஸ்டி

கடைத்தெருக் கோடியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி, பால்குடி மறக்காத பிள்ளைபோல இடுப்பில். கடைக்குள் 'டிஸ்க் சித்தர்' அருள்பாலித்துக்கொண்டிருந்தார். போன வருஷம்வரை மின்விசிறி பழுதுபார்த்த ஆசாமி. ஞானம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. கேள்வி கேட்பது பாடத்திட்டத்தில் இல்லை.

சித்தரின் தத்துவம் எளிது. கம்ப்யூட்டர் ஆமையாக நகர்வதற்குக் காரணம் திசை தோஷம். அவரிடமே எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க் வாங்கி, வடகிழக்கு பார்த்துப் பொருத்தி, அடியில் அவர் விற்கும் செம்புத் தகட்டை வைத்தால் ஆமை குதிரையாகும். ஆகவில்லையா? வீட்டில் எவனோ சந்தேகப்பட்டிருக்கிறான்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, எப்படி வைத்தாலும் ஓடும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தேர்வு வேறு, வாழ்க்கை வேறு.

முன்னேற்பாடாக வீட்டுப் பெட்டியை வடகிழக்குக்குத் திருப்பினேன். கேபிள் எட்டாததால் மானிட்டரும் சுவரைப் பார்த்தது. வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிற என் அக்கா, மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு வேலை செய்தாள். அவள் வெளியே போன நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தரிடம் ஓடினேன்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துப் பொருத்தினார். "தம்பி, பௌர்ணமி வரைக்கும் ஆன் பண்ணக் கூடாது. சக்தி உள்ள இறங்கணும்."

பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன்.

"எங்கடா என் கம்ப்யூட்டர்?" பின்னால் அக்கா. "சாயங்காலத்துக்குள்ள பிளான் போகலேன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க!"

"அக்கா, பௌர்ணமி..."

"வாயை மூடு."

சித்தர் கண்ணை மூடினார். "இப்ப ஆன் பண்ணா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்."

கூட்டம் "ஐயோ" என்றது. அதில் உரத்த "ஐயோ" என்னுடையது.

அக்கா பெட்டியைத் திறந்தாள். ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். தகட்டை என் கையில் திணித்தாள். எஸ்எஸ்டி கேபிளில் வௌவாலாகத் தலைகீழாகத் தொங்கியது. கடை மானிட்டரில் இணைத்து சுவிட்சைத் தட்டினாள்.

நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. வரைபடம் முழுசாக இருந்தது.

"தகட்டோட சக்தி இன்னும் ஒட்டிட்டிருக்கு" என்றார் சித்தர்.

"அப்படியா?" அணைத்துவிட்டு எஸ்எஸ்டியை உருவினாள். தகட்டை வாங்கி, எஸ்எஸ்டி இருந்த இடத்தில் வடகிழக்கு பார்த்து பயபக்தியோடு வைத்தாள். "இப்ப முழுச் சக்தியும் உள்ளதான் இருக்கு. ஓட்டுங்க சாமி."

கறுப்புத் திரை. டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. சித்தர் முகத்திலும் அதே வரி.

வரிசையிலிருந்த தாத்தா கேட்டார்: "அப்ப வேகம் எதனாலம்மா?"

"எஸ்எஸ்டியால தாத்தா. எப்படி வெச்சாலும் ஓடும். ஸ்க்ரூ போடறது ஆடாம இருக்கத்தான்."

"அப்ப தகடு?"

எல்லாரும் திரும்பினார்கள். சித்தர் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். அது தென்மேற்கு. திசை பார்க்க அவருக்கு நேரமில்லை.

அக்கா எஸ்எஸ்டியை மாட்டி, அங்கேயே நின்றபடி பிளானை அனுப்பினாள். பிறகு பெட்டியை என் தலையில் ஏற்றினாள். அந்தத் தலை பிறந்ததிலிருந்து சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. நான்தான் இதுவரை ஆன் பண்ணவில்லை. உங்களுடையதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டாம்.